ராவுத்தர் கொடுத்த நாலு குப்பி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. டீச்சர் டிரெயினிங் படிப்பைப் பற்றியும் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடியெழுத்தில் ஒன்று கேட்டிருந்தாய். ரவிக்கை அளவெடுக்க வந்த மாப்பிள்ளையின் அக்கா உன் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது என்ன இவ்வளவு நீளமா இருக்கு?" என்று கேட்டார்களாம். சின்ன வயதில் ஆபரேஷன் என்று சொல்லிச் சமாளித்தாயாம். "அதற்கு மேல் எனக்கே ஒன்றும் தெரியாதே அப்பா, என்ன நடந்தது?" என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கல்யாணம் முடியட்டும், பொறகு சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்னும் இருபத்தாறு நாளில் நீ இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறாய். உன் உடம்பின் கதை உனக்கு முழுசாகத் தெரிந்துதான் நீ போகவேண்டும். நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். நான் செய்த தப்பும் அதில் இருப்பதால் பாதியிலேயே பேச்சு நின்றுவிடும். காகிதத்தில் என்றால் நிறுத்தி நிறுத்தியாவது எழுதி முடித்துவிடலாம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. உனக்கு எட்டு வயது. திருச்சுழியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போகும் பஸ்ஸை நான்தான் ஓட்டினேன். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வண்டியின் முதுகில் ஒரு பெரிய இரும்பு அண்டாவைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினோம் அல்லவா, சண்டை முடிந்து மூன்று வருஷமாகியும் எங்கள் வண்டிக்கு அந்த அண்டா போகவில்லை. காலையில் கரி போட்டு விசிறியைச் சுற்றி, வண்டி உயிர் பிடிக்க அரைமணி நேரம் ஆகும். அந்த வண்டி மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்ச நஞ்சமல்ல. தினமும் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவாமல் எடுக்கமாட்டேன். சீட்டில் வெற்றிலைக் கறை இருந்தால் கண்டக்டர் ஆறுமுகத்துடன் சண்டை போடுவேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று நீ சொன்னாய். பச்சைப் புளியங்காய் தின்றிருப்பாய் என்று நினைத்தோம். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். சாயங்காலம் நான் வண்டியை விட்டுவிட்டு வந்தபோது வலி வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. காலை நீட்டமாட்டேன் என்று சுருண்டு படுத்திருந்தாய். உன் அம்மா, "காலைல உங்க வண்டியிலயே ஏத்தி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில காட்டிருவோம்" என்றாள். நான், "வயித்துவலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, வெளக்கெண்ணெயக் குடுத்தா எல்லாம் வெளிய போயிரும்" என்றேன். அவள் விடவில்லை. "எங்க அக்கா மகன் இப்படித்தான் வலிக்குதுன்னான், பேதிக்குக் குடுத்ததுல பொசுக்குன்னு போயிட்டான். வேணாங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. மூக்கைப் பிடித்து, ஒரு சங்கு நிறைய விளக்கெண்ணெயை உன் தொண்டையில் இறக்கினேன். என் கையால்தான் இறக்கினேன்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறுநாள் உன்னை வண்டியில் ஏற்ற நான் தயங்கியதற்குக் காரணம் வைத்திய நம்பிக்கை மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை வண்டியில் பருத்தி வியாபாரிகள் நிறைய வருவார்கள். டிரைவர் மகளே வண்டிக்குள் வாந்தி எடுத்தால் என் மரியாதை என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த அற்ப யோசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் வெளுத்த முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன். அருப்புக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் மதுரைக்குப் போனேன். திரும்பும்போதும் அதே வாசல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நீ வலி இல்லை என்றாய். மத்தியானம் ஏதோ உள்ளே பட்டென்று விட்டமாதிரி இருந்தது, அதற்கப்புறம் வலிக்கவில்லை என்றாய். நான் உன் அம்மாவைப் பார்த்து, "பாத்தியா, எண்ணெ வேலயக் காட்டிருச்சு" என்று சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பெருமையாகச் சொன்னேன். ஆனால் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் உன் உடம்பு அனலாய்க் கொதிக்க ஆரம்பித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிப்போயிருந்தது. தொட்டால் கத்தினாய். உள்ளே உடைந்தது வலி அல்ல, குடல்வால் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விடிந்ததும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில் உன் அம்மா மடியில் உன்னைப் படுக்கவைத்து வண்டியை எடுத்தேன். அருப்புக்கோட்டையில் டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர், கையை எடுத்த வேகத்தில் சொன்னார்: "இங்க ஒண்ணும் செய்ய முடியாது. மதுரைக்குக் கொண்டுபோங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க." வண்டியில் அதற்குள் முக்கால்வாசி சனம் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆறுமுகம் படியில் நின்று சொன்னார்: "டிரைவர் மகளுக்கு மேலுக்கு முடியல. வண்டி மதுரை வரைக்கும் எங்கயும் நிக்காது. வழியில எறங்குறவுக அடுத்த வண்டிக்கு நின்னுக்கங்க." நாலைந்து பேர் முணுமுணுக்காமல் இறங்கினார்கள். காரியாபட்டிக்குப் போகவேண்டிய ஒரு பெரியவர் மட்டும் இறங்கவில்லை. "நான் மதுரைக்கு வந்துட்டுத் திரும்பி வாரேன். இந்தக் கரி வண்டி மேட்டுல மக்கர் பண்ணுனா தள்ளுறதுக்கு ஆள் வேணும்ல. நீ ஓட்டுப்பா" என்றார். இரண்டு இடத்தில் தள்ளத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பெரியவரின் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் உன் வயிற்றைத் திறந்த டாக்டர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பர்மாவில் காயம்பட்ட சிப்பாய்களுக்கெல்லாம் ஆபரேஷன் செய்தவராம். அதிகம் பேசமாட்டார். பேசினால் மறைக்கமாட்டார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து, "குடல்வால் ஒடஞ்சு வயிறு பூராச் சீழ். கழுவி, உள்ள ஒரு ரப்பர் குழாய் வச்சிருக்கேன். பேதிக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். உன் அம்மா சட்டென்று, "நாந்தான் வெளக்கெண்ணெ குடுத்தேன் டாக்டரய்யா, தெரியாமக் குடுத்துட்டேன்" என்றாள். பத்துப் பேர் நின்ற வராந்தாவில் என் தப்பை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். டாக்டர் அவளைத்தான் கடிந்தார். நான் அப்போதும் வாய் திறக்காமல் நின்றேன். அதற்காக நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? நேற்று, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது. "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். போன வேகத்தைப் பார்த்தால் எப்போதோ கேட்டிருக்கவேண்டிய மன்னிப்பு என்று தெரிந்தது.

ஆபரேஷன் பாதிதான், மீதிப் பாதி மருந்து என்று டாக்டர் சொன்னார். பென்சிலின் அப்போதுதான் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருந்தது. அதை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஊசியாகப் போட்டார்கள். உன் தொடையில் ஊசி குத்த இடமில்லாமல் போனது. நர்ஸைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாய். இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் கூடவே சல்பா மருந்தையும் சேர்த்தார். ஒரே நாளில் உன் சிறுநீர் குறைந்து, ரத்தம் கலந்து வந்தது. சல்பாவை உடனே நிறுத்திவிட்டார்.

என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் அவர் சொன்னது இப்போதும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இங்க பாருங்க டிரைவர். வயித்துக்குள்ள இருக்கிறது ஒரே ரகக் கிருமி இல்ல, பல ரகம். பென்சிலின் ஒரு கூட்டத்த அடிக்குது. இன்னொரு கூட்டம் அதுக்கு அசையவே இல்ல. அத அடிக்கத்தான் சல்பா போட்டேன். புள்ள வாந்தி எடுத்துக் காஞ்சு கெடக்கு. உப்புத்தண்ணி ஏத்தியும் போதல. சல்பா கிட்னியில படிஞ்சு அடைக்குது. அதுக்கு மேல குடுத்தா சீழுக்குத் தப்பிச்சு கிட்னிக்குப் போயிரும்." வேறு மருந்தே இல்லையா என்றேன். "ஒண்ணு இருக்கு. ஸ்ட்ரெப்டோமைசின்னு பேரு. காசநோய்க்குன்னு வந்தது. இந்தக் கிருமியையும் அடிக்கும். ஆனா எங்ககிட்ட இல்ல. மெட்ராஸ்லயே கெடைக்கிறது குதிரைக்கொம்பு" என்றார்.

உன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் காசிம் என்று ஒரு பையன் இருந்தான். பத்து வயது. அவனுக்கும் உன்னைப் போலவே குடல்வால் உடைந்து, உனக்கு இரண்டு நாள் முன்னால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவனுடைய அத்தா வீரசோழனில் ஜவுளி வியாபாரம் செய்த ராவுத்தர். நல்ல உயரம், கனத்த குரல், வார்டில் அவர் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். காசிமுக்குப் பென்சிலினோடு சல்பாவும் கொடுத்தார்கள். அவனுக்குத் தண்ணீரும் இறங்கியது, சிறுநீரும் நன்றாகப் போனது. சல்பா அவனை ஒன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டு, கஞ்சி கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே வார்டு. ஆனாலும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்த மருந்து இன்னொரு பிள்ளைக்குச் சேரவில்லை.

உனக்குச் சல்பாவை நிறுத்திய அன்றைக்குப் பார்த்துத்தான் ராவுத்தரின் மச்சான் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஐஸும் மரத்தூளும் போட்ட தூக்குவாளி. அதற்குள் துணி சுற்றி நாலு குப்பி ஸ்ட்ரெப்டோமைசின். காசிம் மோசமாக இருந்தபோது ராவுத்தர் கொடுத்த தந்தியைப் பார்த்து, ஊரெல்லாம் அலைந்து பிடித்துவந்திருக்கிறார். ராவுத்தர் அதை இரண்டு கையாலும் வாங்கி டாக்டரிடம் நீட்டினார்.

"இத எம்புள்ளைக்குப் போடுங்க டாக்டரய்யா. இதுதான் எல்லாத்துலயும் பெரிய மருந்தாம்ல."

"உங்க பையனுக்கு இது வேண்டாம்" என்றார் டாக்டர்.

"ஏன் வேணாங்கிறீக? பட்டணம் பூரா அலஞ்சு கொண்டாந்திருக்கு."

"அலஞ்சிருக்கலாம். பையனுக்குப் போட்டிருக்கிற மருந்தே கேட்டுருச்சு. பெரிய மருந்து, சின்ன மருந்துன்னு ஒண்ணும் இல்ல ராவுத்தரே. எந்தப் புள்ளைக்கு எது வேணுங்கிறதுதான். வேண்டாத புள்ளைக்கு இதப் போட்டு, நாளைக்குக் காது கேக்கலன்னு நீங்க எங்கிட்ட வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

ராவுத்தருக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்குவாளியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலடி தூரத்தில் உன் உயிர் ஒரு தூக்குவாளிக்குள் இருக்கிறது. தன் பிள்ளைக்காக ஒரு தகப்பன் தேடிப்பிடித்த மருந்தை எந்த முகத்தோடு கேட்பது? யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் மனசு போனது. போனது உண்மை, எழுதிவிட்டேன்.

உன் அம்மா என்னைப் போல் நிற்கவில்லை. நேரே காசிமின் அம்மாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் நாலு நாளாக ஒரே குழாயடியில் துணி அலசியவர்கள், ஒருத்தி தூங்கும்போது மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்கள். "அக்கா, எம்புள்ளைக்கு வேற வழி இல்லைங்கிறாக" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நம்ம புள்ளைக்குத்தான் வேணாங்கிறாகளே. கேட்டுப் பாருங்களேன்" என்றார். ராவுத்தர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு டாக்டரைத் தேடிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ரெண்டு குப்பிய அந்தப் புள்ளைக்குக் குடுக்குறேன். ரெண்டு எம்மகனுக்கு இருக்கட்டும். திரும்பக் காச்சல் வந்துட்டா?" என்றார். நியாயமான பேச்சு. நானாக இருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருப்பேனா தெரியாது. டாக்டர் தலையை அசைத்தார். "ரெண்டு போதாது. பாதியில நிறுத்தினா கிருமி பழகிக்கிட்டு எந்திரிச்சிரும். குடுத்தா நாலும் குடுக்கணும், இல்லன்னா வேண்டாம்." "எம்மகனுக்குத் திரும்ப வந்தா?" என்று ராவுத்தர் மறுபடியும் கேட்டார். "வந்தா அப்ப இந்த மருந்து கையில இருக்காது. அத நான் மறைக்கல. வராதுன்னுதான் நெனைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டேன்" என்றார் டாக்டர்.

ராவுத்தர் வெளியே போய்விட்டார். அவர் சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பி வரும்வரை உன் அம்மா உன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து தூக்குவாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஐஸு கரைஞ்சுக்கிட்டு இருக்கு தம்பி. சீக்கிரம் நர்ஸம்மாகிட்ட குடுங்க" என்றார். நாலு குப்பியும் இருந்தது.

டாக்டர் ஊசி போடுமுன் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார். "இதுவும் கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். புள்ளைக்குக் கிட்னி தளர்ந்திருக்கு. மருந்து உடம்புல தேங்குனா காத அடிக்கலாம். முழுசாவும் போகலாம், கொஞ்சமாவும் போகலாம், ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். எனக்கும் இது புது மருந்துதான். நீங்க சரின்னாத்தான் போடுவேன்." உன் அம்மாதான் சொன்னாள்: "கேக்காட்டி என்ன டாக்டரய்யா, கையக் காட்டிப் பேசிக்கிறோம். புள்ளைய உசுரோட குடுங்க."

மறுநாள் காலையில் காசிமுக்குக் காய்ச்சல் வந்தது. நர்ஸ் பாதரசக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதே அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஒரு பகல் எப்படிப் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் உடம்புச் சூடு ஏற ஏற, என் மகள் உடம்பில் ஓடுவது அவனுடைய மருந்து என்ற நினைப்பு என்னைத் தின்றது. ராவுத்தர் மகன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மத்தியானம் அவர் குரல் கேட்டது. "தம்பி." திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால்கூட நல்லது என்றிருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "ஊசி போடுற நேரம் தாண்டிருச்சு பாருங்க. நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க" என்றார். நான் எழுந்து போனேன். வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்கு விவரம் தெரிந்து நான் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் டாக்டர் வந்து காசிமின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். தோலுக்கு அடியில், தையலுக்குள் கொஞ்சம் சீழ் கட்டியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு தையலை வெட்டிச் சீழை வெளியேற்றினார். மறுநாள் விடியும்போது அவனுக்குக் காய்ச்சல் இல்லை. டாக்டர் ராவுத்தரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். உனக்கு ஊசி தொடங்கிய மூன்றாம் நாள் வயிற்றின் இறுக்கம் இளகியது. காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. ஐந்தாம் நாள் நீ கண்ணைத் திறந்து, "காராச்சேவு வேணும்" என்றாய். காசிம் அடுத்த கட்டிலிலிருந்து, "எனக்கும்" என்றான். வார்டே சிரித்தது. இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கிடைத்தது பார்லித் தண்ணீர்தான்.

மருந்தின் விலையைப் பற்றி ராவுத்தர் என்னைப் பேசவே விடவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் சொல் வீரசோழனுக்குத்தான் போகிறது. வருஷா வருஷம் பெருநாளைக்கு அங்கிருந்து வரும் பிரியாணிச் சட்டியை நீயே எத்தனை தடவை இறக்கி வைத்திருக்கிறாய். அவர்கள் நமக்கு என்ன உறவு என்று கேட்டால், அப்பாவுக்குப் பழக்கம் என்றுதான் நான் சொல்லிவந்தேன். உறவு இதுதான்.

இனி எழுதுவது உன்னிடம் நான் பட்ட கடன். ஊருக்கு வந்து நீ தேறிவிட்டாய், ஓடினாய், விளையாடினாய். ஆஸ்பத்திரியை மறக்கவேண்டும் என்ற அவசரத்தில் டாக்டர் சொன்ன எச்சரிக்கையையும் சேர்த்து மறந்துவிட்டோம். கொஞ்ச நாளில், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்று உனக்குப் பேர் வந்தது. வாத்தியார் புகார் சொன்னார். திமிர் என்று நானும் நினைத்தேன். ஒரு நாள் பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் நீ திரும்பாமல் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாய். முதுகில் ஓங்கி அறைந்தேன். நீ திரும்பிப் பார்த்த பார்வையில் எதற்கு அடி விழுந்தது என்ற திகைப்புத்தான் இருந்தது. அதற்கும் எத்தனையோ மாதம் கழித்துத்தான், அருப்புக்கோட்டை கடைவீதியில் ஒரு சைக்கிள்காரர் மணியை அடித்துக்கொண்டே வந்தும் நீ விலகாமல் அவர் உன்மேல் மோதினார். என் பஸ் ஹாரனுக்குத் தாவி ஓடுகிற பிள்ளைக்கு இந்த மணி கேட்கவில்லையா என்று அப்போதுதான் உறைத்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். அதே டாக்டர் உன் பின்னால் நின்று மெல்லிய சத்தங்களை எழுப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து கொஞ்சம் எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கு. கீச்சுச் சத்தம் கேக்காது. பின்னாலருந்து பேசுனாச் சரியா வெளங்காது. இதுக்கு மேல போகாது" என்றார். அன்றைக்கு அடித்ததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உனக்குக் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும் என்பது உனக்கே தெரியும். அது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. அது உன் குறையும் அல்ல, பிறவியும் அல்ல. நாங்கள் தெரிந்தே கொடுத்த விலை. அந்தக் கேள்வியை டாக்டர் இன்றைக்குக் கேட்டாலும் உன் அம்மா அதே பதிலைத்தான் சொல்வாள். நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. புது வீட்டில் கேட்காததற்குத் தலையாட்டாதே. காதில் விழவில்லை என்றால், விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேள். வெட்கப்பட்டுத் தலையாட்டினால்தான் தப்பு நடக்கும். உன் வகுப்பில் நாளைக்கு ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பாமல் உட்கார்ந்திருந்தால், கையை ஓங்குமுன் அதன் முன்னால் போய் நின்று ஒருதரம் கூப்பிட்டுப் பார். உனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. டாக்டர் மருந்து எழுதினால் இது எதற்கு, வேறு என்ன செய்யும் என்று கேள். நல்ல டாக்டருக்கு அந்தக் கேள்வி கோபத்தை வரவழைக்காது.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் கிடைத்த மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பந்தல்குடியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மறைத்துக் கொடுத்த பெண் என்ற பேச்சு உனக்கு என்றைக்கும் வரக்கூடாது. மாப்பிள்ளை, அவர் அம்மா, அக்கா மூன்று பேரையும் உட்காரவைத்து இங்கே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கெண்ணெய் உட்பட. பிள்ளை பெறுவதற்குத் தழும்பால் தடை ஏதும் இருக்குமா என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். அப்படி ஒன்றும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வேண்டுமானால் நீங்களே ஒரு லேடி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சம்பந்தியம்மா, "நீங்க வந்து சொன்னதே போதும்" என்று காப்பி கலக்க எழுந்து போனார்கள்.

மாப்பிள்ளை என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரிகள் வந்துகொண்டே இருந்தன. இரைச்சலில் நான் சத்தம் போட்டுப் பேசவேண்டியிருந்தது. "அவுகளுக்கு எந்தப் பக்கம் நின்னு பேசுனா நல்லாக் கேக்கும் மாமா?" என்று கேட்டார். பக்கம் என்று ஒன்றுமில்லை தம்பி, முகத்துக்கு நேரே நின்று பேசினால் எல்லாம் விளங்கும், பின்னாலிருந்து பேசினால்தான் விளங்காது என்றேன்.

"அப்ப நல்லதுதான மாமா. எங்க வீட்ல இனிமே யாரும் அவுக முதுகுக்குப் பின்னால பேச முடியாதுல்ல" என்றார்.

பஸ் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன்.

உன் அப்பா